மாசம் ஒரு பாட்டில், ஆயுசுக்கும்: இது யார் போட்ட கணக்கு?

60 வயதில் ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஆள்தான். ஆனால் உங்கள் தெருவிலேயே இப்படி ஒருத்தர் இருப்பார். பேப்பர் படிக்க எழுத்து மங்குகிறது என்று கண்ணாடி மாற்றப் போகிறார். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறார். கண் பிரஷர் பார்க்கிறார். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, மினுக் மினுக்கென்று புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்கிறார். கடைசியில் தீர்ப்பு வருகிறது.

"ஐயா, உங்களுக்கு க்ளாக்கோமா இருக்கு. இந்தச் சொட்டு மருந்தை தினமும் ராத்திரி ரெண்டு கண்ணுலயும் போடுங்க."

"எத்தனை நாளைக்குங்க டாக்டர்?"

"நாள் கணக்கெல்லாம் இல்லைங்க. ஆயுசுக்கும்."

அவ்வளவுதான். அடுத்த டோக்கன்!

இந்த இரண்டு நிமிடப் பேச்சில் ஒரு வார்த்தை வரவே இல்லை. லேசர். அந்த வார்த்தை ஏன் வரவில்லை என்பதுதான் இங்கே சண்டை. சண்டை சொட்டு மருந்தோடு இல்லை. அது கோடிக்கணக்கான கண்களைக் காப்பாற்றியிருக்கிறது, இனியும் காப்பாற்றும். நோயாளியிடம் இரண்டு வழி இருக்கிறது என்று சொல்லாமலே ஒரு வழியில் தள்ளிவிடுகிறார்களே, அதோடுதான் சண்டை.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம்

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கிறது. (கண்ணீர் இல்லை. அது வெளியே. இது உள்ளே.) சுரக்கிற நீர் வெளியேற வேண்டும் இல்லையா? கருவிழியும் லென்ஸ் முன்னே தொங்கும் வண்ணத் திரையும் சந்திக்கும் மூலையில் ஒரு சல்லடை இருக்கிறது. அதன் வழியாக வடிந்து ரத்தக் குழாயில் சேர்ந்துவிடும். சமையலறைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் மூடவே மூடாது, எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். கீழே சல்லடை சரியாக இருக்கிறவரை பிரச்சனை இல்லை. சல்லடை மந்தமானால்?

தொட்டியாக இருந்தால் வழிந்து தரையெல்லாம் ஈரமாகும், வீட்டில் சத்தம் கேட்கும். கண் வழியாது. உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பின்னால் இருக்கிற பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். செத்த நரம்பு திரும்ப முளைக்காது. உலகில் திரும்பப் பெற முடியாத பார்வை இழப்புக்கு முதல் காரணம் இந்த நோய்தான்.

சல்லடை இருக்கிற மூலையே அடைபட்டுப் போவது ஒரு வகை. மூலை திறந்திருந்தும் சல்லடை சரியாக வேலை செய்யாதது இன்னொரு வகை. இரண்டாவதுதான் திறந்த கோண க்ளாக்கோமா. இதில் வலி இருக்காது, சிவப்பு இருக்காது. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். நடுப் பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் வந்த சைக்கிள் தெரியாமல் மோதிக்கொண்ட பிறகு தெரிந்தால் உண்டு.

தென் தமிழ்நாட்டின் 3 மாவட்டக் கிராமங்களில், 40 வயதைத் தாண்டிய 5,150 பேரின் கண்களை அரவிந்த் கண் மருத்துவமனையினர் சோதித்தார்கள். முடிவு 2003-ல் வெளியானது. திறந்த கோண க்ளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. அதாவது மேலே சொன்ன கண்டக்டர் அதிர்ஷ்டசாலி. பத்தில் ஒருவர். கண்ணாடி மாற்றப் போய் மாட்டினார். அந்த ஒருவரையும் ஒரு பாட்டிலைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கோட்டை விடலாமா?

லேசர் என்றால் என்ன செய்வார்கள்?

"லேசர்" என்றதும் கண்ணை அறுப்பார்கள், கண்ணாடியைத் தூக்கிப் போடலாம் என்றெல்லாம் நினைப்பு ஓடும். அது வேறு, இது வேறு. இங்கே கத்தியும் இல்லை, தையலும் இல்லை. மரத்துப்போக ஒரு சொட்டு விடுவார்கள். கண் மேல் ஒரு லென்ஸை வைத்து அந்த மூலையைப் பார்ப்பார்கள். சல்லடையைச் சுற்றி ஏறக்குறைய 100 இடங்களில் பச்சை ஒளித் துடிப்பு விழும். சில நிமிட வேலை. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

இதன் பெயர் செலக்டிவ் லேசர் ட்ரபெக்குலோபிளாஸ்டி. சுருக்கமாக எஸ்.எல்.டி. பெயரில் இருக்கும் 'செலக்டிவ்' சும்மா அழகுக்கு வைத்தது அல்ல. ஒவ்வொரு துடிப்பும் 3 நானோ விநாடி மட்டுமே. சல்லடையில் நிறமி இருக்கிற செல்கள் மட்டும் அந்த ஒளியை உறிஞ்சுகின்றன. வெப்பம் பக்கத்துச் செல்லுக்குப் பரவ நேரமே இல்லை. அடிபட்ட செல்கள் அழைப்பு விடுக்க, உடம்பின் துப்புரவுச் செல்கள் வந்து சுத்தம் செய்கின்றன, வடிகால் சுறுசுறுப்பாகிறது. சுருங்கச் சொன்னால், லேசர் சல்லடையில் ஓட்டை போடுவதில்லை. உடம்பைத் தட்டியெழுப்பி அதன் வேலையை அதையே செய்ய வைக்கிறது. அதனால்தான் முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

புதுசு என்று யார் சொன்னது?

"இதெல்லாம் இப்போ வந்த வெளிநாட்டு ஃபேஷன்" என்று ஒரு பேச்சு உண்டு. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

சல்லடையில் லேசர் அடித்து அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று வைஸ், விட்டர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1979-லேயே காட்டிவிட்டார்கள். அப்போது பயன்பட்டது ஆர்கான் லேசர். அடுத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 271 நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் முதலில் லேசர், மறு கண்ணில் முதலில் டிமோலால் சொட்டு மருந்து. ஒரே ஆள், ஒரே உடம்பு, இரண்டு கண்ணுக்கு இரண்டு சிகிச்சை. இதைவிட நேர்மையான போட்டியை யாரால் வைக்க முடியும்? 1990-ல் முடிவு வந்தது. 2 வருடக் கடைசியில், முதலில் கொடுத்த சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருந்த கண்கள் லேசரில் 44%, சொட்டு மருந்தில் 30%. 1995-ல் வந்த நீண்டகால முடிவிலும் லேசர் கண் பின்தங்கவில்லை.

சரி, அப்புறம் ஏன் உலகம் மாறவில்லை? நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆர்கான் லேசரில் ஒரு குறை இருந்தது. அதன் ஒவ்வொரு அடியும் 0.1 விநாடி. எஸ்.எல்.டி-யின் துடிப்பைவிட 3 கோடி மடங்குக்கும் மேல் நீளம். சல்லடை வெந்து தழும்பாகும். பலன் குறைந்த பிறகு திரும்ப அடிக்கத் தயங்குவார்கள். இதற்கு நடுவே 1996-ல் லட்டானோபிராஸ்ட் சந்தைக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொட்டு, நல்ல பலன். டாக்டர்களும் நோயாளிகளும் அந்தப் பக்கம் சாய்ந்தது தப்பே இல்லை.

ஆனால் அந்தக் குறையும் தீர்ந்துவிட்டதே! மார்க் லட்டீனா என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் தன் சக ஆய்வாளரோடு 1995-ல் நிறமிச் செல்லை மட்டும் குறிவைக்கும் முறையை வெளியிட்டார். 2001-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. தழும்பு இல்லை, தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம். காரணம் போன பிறகும் பழக்கம் மட்டும் போகவில்லை. சொட்டு மருந்து முதலில், அது தோற்றால் இரண்டாவது சொட்டு மருந்து, அதுவும் தோற்றால் மூன்றாவது, எல்லாம் தோற்ற பிறகு "லேசர் வேணா ட்ரை பண்ணலாமா?" அதற்குள் நரம்பில் பாதி போயிருக்கும்.

பிரிட்டன் போட்ட கணக்கு

பிரிட்டனில் 6 மருத்துவமனைகளில் 2012 முதல் 2014 வரை 718 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். திறந்த கோண க்ளாக்கோமா உள்ளவர்களும் உண்டு, நோய் வராமல் அழுத்தம் மட்டும் கூடியவர்களும் உண்டு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு முதலில் எஸ்.எல்.டி., பாதிப் பேருக்கு முதலில் சொட்டு மருந்து. ஆய்வின் பெயர் லைட். தலைமை ஏற்றவர் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் கஸ் கஸார்ட். 2019-ல் 'லான்செட்' இதழில் வந்தது.

3 வருடம் கழித்து லேசர் அணியில் 74.2% பேர் ஒரு சொட்டு மருந்துகூட இல்லாமல் இருந்தார்கள். 6 வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோதும் லேசர் அணியின் கண்களில் 69.8%-க்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ தேவைப்படவில்லை. நோய் முற்றிய கண்கள் சொட்டு மருந்து அணியில் 26.8%, லேசர் அணியில் 19.6%. அழுத்தத்தைக் குறைக்கும் பெரிய அறுவை சிகிச்சைக்குப் போனவை சொட்டு மருந்து அணியில் 32 கண்கள், லேசர் அணியில் 13.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு முக்கியமாக அளக்க நினைத்தது வாழ்க்கைத் தரத்தை. 3 வருட முடிவில் அதில் இரு அணிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. லேசர் போட்டவர்கள் துள்ளிக் குதிக்கவில்லை. சரிதான். ஆனால் வாழ்க்கைத் தரம் சமம், பார்வை பாதுகாப்பில் லேசர் முன்னே, செலவில்? பிரிட்டன் அரசின் வழக்கமான அளவுகோலில், லேசரை முதலில் கொடுப்பதே செலவுக்கேற்ற பலன் தருவது என்பதற்கு 97% வாய்ப்பு என்று கணக்கு வந்தது. பரீட்சையில் 97 வாங்கியவனை ஃபெயில் ஆக்குவார்களா?

ஆக்கவில்லை. 2022 ஜனவரியில் பிரிட்டனின் அரசு வழிகாட்டு அமைப்பான நைஸ் தன் விதியை மாற்றியது. புதிதாகத் திறந்த கோண க்ளாக்கோமா கண்டுபிடிக்கப்பட்டவருக்கு (சில விதிவிலக்குகள் தவிர) முதலில் எஸ்.எல்.டி-யைத்தான் முன்வைக்க வேண்டும். வேண்டாம் என்பவருக்கும், லேசருக்குக் காத்திருப்பவருக்கும், லேசர் மட்டும் போதாதவருக்கும் சொட்டு மருந்து. வரிசை தலைகீழாகிவிட்டது.

"அது வெள்ளைக்காரன் ஊர்..."

இந்த வாதம் வரும் என்று தெரியும். நல்ல ரோடு, நல்ல ஆஸ்பத்திரி, கூப்பிட்டால் வரும் நோயாளி. நம்மூருக்கு ஒத்துவருமா?

அப்படியானால் தான்சானியாவுக்குப் போகலாம். கிளிமஞ்சாரோ மலை அடிவாரத்தில் மோஷி என்ற ஊர். அங்கே உள்ள மருத்துவமனையில் 201 நோயாளிகளை வைத்து இதே போட்டி. அழுத்தம் அதிகமான, நோய் முற்றிய கண்களும் உண்டு. ஒரு பக்கம் டிமோலால், மறுபக்கம் எஸ்.எல்.டி. 2021-ல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்து வெற்றி பெற்ற கண்கள் டிமோலாலில் 31%, லேசரில் 61%. ஏறக்குறைய இரண்டு மடங்கு!

கவனியுங்கள். பிரிட்டனில் மருந்தும் நன்றாகத்தான் வேலை செய்தது, லேசர் கொஞ்சம் முந்தியது. மருந்துக்கடை தூரமாக இருக்கிற, பஸ்ஸுக்குக் காசு எண்ணுகிற ஊரில் இடைவெளி பெரிதாகிவிட்டது. அதாவது "நம்மூர் ஏழை ஊர்" என்பது லேசருக்கு எதிரான வாதமே இல்லை. அதற்கு ஆதரவான வாதம். தமிழ்நாட்டிலும் இதே அளவில் ஒரு போட்டி நடத்தி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அதைக் காரணம் காட்டி நோயாளியிடம் வாயே திறக்காமல் இருப்பது நியாயமில்லை.

பி.காம் முதல் வருஷக் கணக்கு

அக்கவுண்டன்சி புத்தகத்தைத் திறந்தால் முதல் சில பாடத்திலேயே வந்துவிடும்: மூலதனச் செலவு, வருவாயினச் செலவு. ஒரு தடவை போட்டால் பல வருடம் பலன் தருவது முதலாவது. போட்ட வருடத்திலேயே கரைந்து, திரும்பத் திரும்பப் போட வேண்டியது இரண்டாவது. லேசர் முதல் வகை. சொட்டு மருந்து இரண்டாம் வகை. பரீட்சையில் இதை மாற்றி எழுதினால் மார்க் போகும். வாழ்க்கையில் மாற்றி எழுதினால்?

கண்டக்டருக்கு 60 வயது. 80 வரை இருக்கட்டும். 2.5 மில்லி பாட்டில் சுமாராக ஒரு மாதம் வரும். 20 வருடத்துக்கு 240 பாட்டில். பாதி வழியில் இரண்டாவது மருந்து சேர்ந்தால் இன்னும் 120. இரண்டு கண்ணுக்கும் தினம் ஒரு சொட்டு என்றால் 14,600 தடவை அண்ணாந்து பார்த்து, இமையை இழுத்து, கை நடுங்காமல் குறி தவறாமல் விட வேண்டும். பாதிச் சொட்டு கன்னத்தில் ஓடும், அதற்கும் சேர்த்துத்தான் காசு.

லேசர் கட்டணமும் மருந்து விலையும் ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். அதனால் இங்கே ஒரு தொகையை எழுதி ஏமாற்ற வேண்டாம். நீங்களே போடுங்கள். வீட்டில் யாராவது சொட்டு மருந்து போடுகிறார்களா? போன மாத மருந்துக்கடை ரசீதை எடுங்கள். ஊரில் இரண்டு கண்ணுக்கும் எஸ்.எல்.டி-க்கு எவ்வளவு என்று விசாரியுங்கள். இதை அதால் வகுங்கள். வருகிற விடை எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்பது. பிரிட்டன் ஆய்வில் பத்தில் ஏழு கண்கள் மருந்தில்லாமல் 72 மாதம் தாண்டின. உங்கள் விடை 72-க்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரி சிகிச்சைக்குத்தான் பணம் தரும், மாதாமாதம் கடையில் வாங்குகிற பாட்டிலுக்குத் தராது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பென்ஷன்காரர் கைக்காசு அது.

இதில் கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது. மறதி. அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள். எப்போது போடுகிறார்கள் என்று பதிவு செய்யும் கருவியையும் கொடுத்தார்கள். கண்காணிக்கிறோம் என்று சொல்லியும் விட்டார்கள். அப்படியும் ஏறக்குறைய 45% பேர் போட வேண்டிய தடவைகளில் முக்கால் பங்குகூடப் போடவில்லை! காசும் இல்லை, சாக்கும் இல்லை, வாத்தியார் பின்னாலேயே நிற்கிறார், அப்போதும் ஹோம்வொர்க் செய்யவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வலியே இல்லாத நோய். போட்டாலும் பார்வை கூடாது, போடாவிட்டாலும் நாளைக்கே குறையாது. எரிச்சலும் சிவப்பும் மட்டும் உடனே வரும். மனுஷன் எதை நம்புவான்?

நம்மூர் வெயில் வேறு. லட்டானோபிராஸ்ட்டின் பல தயாரிப்புகளைத் திறக்கும்வரை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள். திறந்த பிறகு 25 டிகிரிக்குள். மே மாதத்தில் ஓட்டு வீட்டில் 25 டிகிரிக்கு எங்கே போவது? சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாலும் நடக்காது :-)

டிமோலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, நாடித்துடிப்பைக் குறைக்கும். லட்டானோபிராஸ்ட் வகை மருந்துகள் கண்ணைச் சிவக்க வைக்கும், இமை முடியை நீளமாக்கும், கண்ணைச் சுற்றிக் குழி விழ வைக்கும். "வெறும் சொட்டு மருந்துதானே" என்பது வெறும் வாய்ப்பேச்சு.

எதிர்க்கட்சி வாதங்கள்

1. "லேசர் நிரந்தரம் இல்லையே, சில வருஷத்தில் பலன் குறைஞ்சிடுமே?" ஆமாம், குறையும். சொட்டு மருந்தின் பலன் எவ்வளவு நாள்? ஒரு நாள். ஒரு நாள் தாங்குவதை விட்டுவிட்டு, சில வருடம் தாங்குவதைப் பார்த்து நிரந்தரம் இல்லை என்பது வேடிக்கை. குறைந்தால் எஸ்.எல்.டி-யைத் திரும்பச் செய்யலாம்.

2. "எல்லாருக்கும் வேலை செய்யாதே?" உண்மை. மூலை அடைபட்ட வகைக்கு இது பொருந்தாது, ஆசியாவில் அந்த வகையும் நிறைய. கண்ணுக்குள் அழற்சி இருப்பவருக்கு ஆகாது. நிறமி மிக அதிகமாக உள்ள சிலருக்கு அழுத்தம் திடீரென்று ஏறலாம். நரம்பு மிகவும் கெட்டுப்போனவருக்கு லேசர் மட்டும் போதாமல் போகலாம். அதற்காகத்தான் டாக்டர் இருக்கிறார். மூலையை லென்ஸ் வைத்துப் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனால் லேசர் பலிக்காதவர் எதை இழந்தார்? சொட்டு மருந்து அங்கேயே கடையில்தான் இருக்கிறது, ஓடிப்போகவில்லை. சொட்டு மருந்தை விட்டு விட்டுப் போட்டு 10 வருடம் நரம்பை இழந்தவருக்கு அந்த 10 வருடம் திரும்பாது.

3. "லேசர் போட்டுக்கிட்டா குணமாயிடுச்சுன்னு நினைச்சு செக்கப்புக்கே வரமாட்டாங்க." எல்லா வாதத்திலும் இதுதான் கனமான வாதம். லேசர் நோயைக் குணப்படுத்தாது. போன பார்வையைத் தராது. அழுத்தத்தைத்தான் குறைக்கும். அளக்காமல் விட்டால் ஒரு நாள் சத்தமில்லாமல் ஏறும். ஆனால் பாட்டில்காரர் மட்டும் ஒழுங்காக வருகிறாரா? பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வருஷக்கணக்காக வாங்கிப் போட்டுக்கொண்டு, "மருந்து போடறேனே" என்ற தைரியத்திலேயே செக்கப்புக்குப் போகாதவர்கள் எத்தனை பேர்! இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முதல் நாளே உட்கார வைத்துப் புரியும்படி சொல்வது. எதற்கு நேரம் இல்லை என்கிறார்களோ அதுதான் தேவை.

4. "மெஷின் விலை அதிகம்." இந்த வாதத்தை வேறு எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், மதுரை இருக்கிற மாநிலத்தில் சொல்லாதீர்கள். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976-ல் ஓய்வு பெற்ற வயதில் 11 படுக்கையோடு அரவிந்தை ஆரம்பித்தார். கண்புரைக்கு உள்ளே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் வந்தபோது "ஏழைக்குக் கட்டாது" என்று கைகட்டி நிற்கவில்லை. 1992-ல் ஆரோலேப் மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கி விலையை உடைத்தது. ஒரு மெஷினை நாளைக்கு 2 பேருக்குப் பயன்படுத்தினால் தலைக்கு விழும் செலவு ஒன்று, 20 பேருக்குப் பயன்படுத்தினால் வேறு. நிலையான செலவை எண்ணிக்கையில் கரைப்பது எப்படி என்று உலகத்துக்கே பாடம் நடத்திய ஊர் இது. ஒவ்வொரு கிளினிக்கிலும் மெஷின் வேண்டாம். மாவட்டத்தில் ஒன்று இருந்து, கிளினிக்கில் இருப்பவர் அங்கே அனுப்பினால் போதும்.

5. "டாக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" டாக்டர் வில்லன் இல்லை. ஓ.பி. நிறையக் கூட்டம், சீட்டெழுத அரை நிமிடம், லேசரை விளக்க கால் மணி நேரம். எது ஜெயிக்கும்? இன்னொரு பக்கம், பிரிண்டரைக் குறைந்த விலையில் கொடுத்துவிட்டு மையில் சம்பாதிக்கும் வியாபாரத்தை வணிகவியல் படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். திரும்பத் திரும்ப விற்கிற பொருளுக்குத்தான் விளம்பரம், சாம்பிள், பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் காத்திருக்கும் ரெப்ரசென்டேட்டிவ் எல்லாம். ஒரு தடவை செய்துவிட்டு ஆறு வருடம் மறந்துவிடுகிற சிகிச்சைக்காக மாதாமாதம் வாசலில் வந்து நிற்க யார் இருக்கிறார்கள்? யாரும் சதி செய்யத் தேவையே இல்லை. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பேச்சும் ஓடும். அவ்வளவுதான்.

அப்ப என்னதான் செய்யணும்?

கண்டக்டருக்குத் திரும்புவோம். அந்த இரண்டு நிமிடப் பேச்சு இப்படி நடந்திருக்கலாம்:

"ஐயா, இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தினமும் சொட்டு மருந்து, விடாம போடணும். இன்னொண்ணு லேசர். உங்க கண்ணோட மூலை திறந்திருக்கு, அதனால செய்யலாம். பத்துல ஏழு பேர் பல வருஷம் மருந்தில்லாம இருக்காங்க. எது செஞ்சாலும் செக்கப்புக்கு வரணும். வீட்ல பேசிட்டு வந்து சொல்லுங்க."

எண்ணிப் பாருங்கள், அரை நிமிடம் ஆகாது. இதைக் கேட்டுவிட்டு அவர் "எனக்கு லேசர்னா பயம், சொட்டு மருந்தே போதும்" என்றால் அது அவர் முடிவு. தலைவணங்க வேண்டும். கேட்காமலே அவருக்காக யாரோ எடுத்த முடிவுக்குத் தலைவணங்க முடியாது.

டாக்டர் சொல்லவில்லையா? நோயாளி கேட்கட்டும். நோயாளி பயந்தவரா? கூடப் போகிற பிள்ளைகள் கேட்கட்டும். கேள்வி நாலே நாலு. எனக்கு இருப்பது திறந்த கோண வகையா? மூலையை லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா? எனக்கு எஸ்.எல்.டி. பொருந்துமா, பொருந்தாது என்றால் ஏன்? இங்கே இல்லை என்றால் எங்கே செய்கிறார்கள்? இதில் ஒன்றுகூட மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. செல்போன் வாங்கப் போனால் நாற்பது கேள்வி கேட்கிற ஜனங்கள் கண்ணுக்கு நாலு கேள்வி கேட்கக் கூடாதா?

இன்னொன்று. இந்த நோய் குடும்பத்தில் ஓடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, அண்ணன் அக்காவுக்கோ இருந்தால், 40 வயது தாண்டிய மற்றவர்களும் போய்ப் பிரஷரும் நரம்பும் பார்த்துவிடுங்கள். லேசரா சொட்டு மருந்தா என்று சண்டை போடுவதற்கே முதலில் நோய் கண்டுபிடிக்கப்பட வேண்டும். பத்தில் ஒன்பது பேர் இந்தச் சண்டைக்கே வந்து சேரவில்லை.

போன பார்வை வராது. இருக்கிற பார்வைக்கு எந்தக் காவல் நல்லது என்று கேட்கும் உரிமையாவது வரட்டும்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் இன்று ராத்திரி சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். போட்டுக்கொண்டே போய்க் கேளுங்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் அழுத்தம் ஏறும், நரம்பு போகும். சண்டை வாயால் மட்டும்.